இரண்டு மணிச் சாப்பாடு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தீவின் ஆய்வு நிலையத்தில் மூன்று கூட்டம் போட்டு ஒரு மாபெரும் முடிவை எடுத்திருக்கிறோம். இனி மதியச் சாப்பாடு ஒரு மணிக்கல்ல, இரண்டு மணிக்கு. உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நலம்.

பவளப்பாறை அருகே கடலின் சூட்டை இரண்டு மணிக்குத்தான் அளந்துகொண்டிருந்தோம். சாப்பாட்டுக்கு இடைஞ்சல் என்று அதைக் காலை ஆறு மணிக்கு மாற்றினார்கள். மறுநாளே கடல் ஒன்றரை டிகிரி குளிர்ந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

"காலையில பாத்தா எல்லாக் கோழியும் சொகமாத்தான் இருக்கும் சாமி" என்று நம் பண்ணையில் நீங்கள் சொல்வதை நிலையத் தலைவரிடம் சொன்னேன்.

"இது கோழிப்பண்ணை இல்லம்மா, கடல்" என்றார். சூடு நீடித்தால் பவளம் வெளுத்துச் சாகும் என்று புத்தகம் எழுதியவர் அவர்தான்.

அதனால் இரண்டு மணிக்கு நான் மட்டும் போய் அளக்கப்போகிறேன். கருவியைப் பூட்டிவிட்டார்கள். நம் கோழிக் கொட்டகையில் தொங்கும் பழைய வெப்பமானியை அனுப்புங்க. கூடவே கொஞ்சம் நிலக்கடலைப் பொடி. நாமக்கல் பதிப்புச் செய்தித்தாளில் சுற்றுங்க, பழையதானாலும் படிப்பேன்.

கடிதம் கொண்டுபோகும் கப்பல் ஊதிவிட்டது.

உங்கள் மகள்
ஆன்சி

பி.கு.: கப்பலுக்கு வரும் வழியில் பார்த்தேன். படகுத்துறை ஓரத்துப் பவளம் முழுக்க வெளுத்துவிட்டது. வெப்பமானி அனுப்ப வேண்டாம்.