சுவரைப் பார்த்துக் கேட்ட பாடம்

எங்கள் செல்லத்தின் அன்பான சாருக்கு,

நான் செல்லத்தின் அத்தை. நீங்கள் பாடம் சொல்லும்போது கூடத்து மூலையில் சுவரைப் பார்த்தபடி பயறு புடைத்துக்கொண்டிருப்பேனே, அவளேதான். நீங்கள் இருந்தவரை உங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இனிமேல் பேசினால் யார் என்ன சொல்லிவிட முடியும்?

"ஊருக்குப் போயிட்டு வரேன், அதுக்குள்ள ஒளி பாடத்தப் படிச்சு வைம்மா" என்று சொல்லிவிட்டுப் பொங்கலுக்கு ரஞ்சன்குடிக்குப் போனீர்கள். முதலில் காய்ச்சல் என்று சேதி வந்தது. அடுத்த சேதி வந்தபோது செல்லம் அந்தப் புத்தகத்தைத்தான் மடியில் வைத்திருந்தாள். ஒளி பாடத்தை முடித்துவிட்டாள், சார். அதை யாரிடம் சொல்லிக் காட்டுவது?

உங்களுக்கு முன் அரியலூரில் நாங்கள் யார் யாரையோ தேடினோம். பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திதான் பெண். வகுப்பில் ஓரமாக ஒரு பெஞ்சு போட்டுத் தனியே உட்கார வைத்திருந்தார்கள். சந்தேகம் கேட்க வாயைத் திறந்தால் பையன்கள் சிரிப்பார்கள். அதனால் வீட்டிற்கு வந்து சயன்ஸ் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. முதலில் வந்தவர் அவளை மக்கு என்று கூப்பிட்டார். அடுத்தவர் புத்தகத்தை வரி மாறாமல் ஒப்பிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் உங்கள் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு வெளி ஆண் பாடம் சொன்னால் வீட்டுப் பெண் ஒருத்தி கூட இருக்க வேண்டும். அண்ணிக்கு அடுப்படி வேலை ஓயாது. புருஷன் போய் அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நான்தான் கைக்கு அகப்பட்டேன். ஆனால் என்னைப் போன்றவள் அயல் ஆணுக்கு எதிரே முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. இரண்டு வழக்கத்தையும் காப்பாற்ற எங்கள் வீட்டில் கண்டுபிடித்த வழிதான் அந்தச் சுவர். காவலுக்கு இருக்கவும் வேண்டும், பார்க்கவும் கூடாது. பார்க்காத காவல் என்ன காவல் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதனால் உங்கள் முகம் எனக்குத் தெரியாது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு தெரியும், குரல் தெரியும். அவ்வளவுதான்.

ஒரு நாள் தம்ளர் நிறையத் தண்ணீர் கேட்டீர்கள். ஒரு தபால் கார்டை மேலே வைத்து மூடி அதைத் தலைகீழாகக் கவிழ்க்கப் போவதாகச் சொன்னீர்கள். கூடம் நனையப் போகிறது, துடைப்பது நான்தானே என்று மனதுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டு தண்ணீர் கொட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை.

"செல்லம், என்ன ஆச்சுன்னு அத்தைக்குச் சொல்லும்மா. அவங்க பாக்கல இல்ல" என்றீர்கள்.

"தண்ணி கொட்டல அத்தை. கார்டு அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது."

"ஏன் கொட்டலன்னு அத்தை கேக்குறாங்க பாரு."

நான் கேட்கவில்லை, சார். ஆனால் கேட்கத்தான் நினைத்தேன். அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? காற்று கீழேயிருந்து கார்டைத் தாங்குகிறது என்று செல்லம் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "அத்தைக்கு இன்னும் புரியல, வேற மாதிரி சொல்லிப் பாரு" என்றீர்கள். அவள் மறுபடியும் சொன்னாள். அன்றிலிருந்து எல்லாப் பாடமும் என் முதுகைப் பார்த்துத்தான் முடிந்தது. வகுப்பில் வாயைத் திறக்காத பெண் என் முதுகிடம் எவ்வளவு பேசினாள். முறத்தில் பயறு அப்படியே கிடக்க நானும் கேட்டேன். என் வாழ்க்கையில் எனக்குப் புரிய வேண்டும் என்று ஒருவர் அக்கறைப்பட்டது அப்போதுதான்.

இப்போது புது சார் வருகிறார். டவுனில் நல்ல பெயர், அவரிடம் படித்த பையன்கள் பாஸாகிறார்கள். முதல் நாளே அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "நான் வர்ற நேரத்துல அந்தம்மா எதுக்க வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாராம். சயன்ஸ் சொல்லிக்கொடுக்க வருகிறவர் சகுனம் பார்த்துக்கொண்டு வருகிறார். உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. என் இடத்தில் இப்போது அண்ணி உட்காருகிறாள், பாதிப் பாடத்தில் தூங்கிவிடுகிறாள்.

செல்லம் ஒரு சந்தேகம் கேட்டதற்கு, "கேள்வியெல்லாம் பரீட்சையில கேப்பாங்க, நீ கேக்காத" என்றாராம். அதற்குப் பிறகு அவள் பேச்சே குறைந்துவிட்டது. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. பாஸானால் மேலே படிக்கட்டும், இல்லாவிட்டால் வைகாசியில் ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்று அண்ணன் முடிவாகச் சொல்லியிருக்கிறார். சில நாள் அவள் ராச்சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மாவின் கண்ணில் அது படவில்லை. என் கண்ணில் படுகிறது, நான் என்ன செய்வேன்?

போன வெள்ளிக்கிழமை அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அந்த சார நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டு? வேற யாரு சொல்லிக் குடுப்பா, நீயா?"

"எனக்கு என்ன தெரியும்? அவ சொல்லட்டும், நான் கேக்குறேன். முன்னயும் அப்படித்தான் நடந்துச்சு."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவ பெயிலாயிட்டா என்னயக் குத்தம் சொல்லாத" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். புது சாரை நிறுத்திவிட்டார். செய்தது சரியா, சார்? அவளுடைய பரீட்சையை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேனே. பயமாக இருக்கிறது. பாஸாக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் செல்லத்தைக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்கார வைத்தேன். பழக்க தோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, இப்போது யாருக்காக இந்தச் சுவர்? அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "அந்தத் தம்ளரக் காட்டுடி, நான் பாத்ததே இல்ல" என்றேன்.

முதல் தடவை தண்ணீர் முழுதும் என் மடியில் கொட்டிற்று. பொங்கலுக்குப் பிறகு நேற்றுத்தான் அவள் சிரித்தாள். மறுபடியும் தண்ணீரை நிரப்பிக் கார்டை வைத்தாள். கவிழ்த்த பிறகு உடனே கையை எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, என்னையே பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். தண்ணீர் நின்றது.

"இது என்னடி புதுப் பழக்கம், தலயச் சாய்ச்சுக்கிட்டு?" என்றேன்.

"சார் இப்படித்தான் செய்வாரு அத்தை. ஒனக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதேன், சார். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்களை முதன்முதலாகப் பார்த்தேன்.

பரீட்சை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. தினம் சாயங்காலம் அவளுக்கு எதிரே உட்காருவேன். எனக்குப் புரிகிற வரைக்கும் வேறு மாதிரி சொல்லு, வேறு மாதிரி சொல்லு என்று விடாமல் கேட்பேன். இனி அந்தச் சுவரைப் பார்த்து உட்கார மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் கடைசிவரை என் பெயரைக் கேட்கவில்லை, கேட்பது முறையும் இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
செல்லத்தின் அத்தை,
வடிவாம்பாள்.