பாராட்டினால் அது மாஸ்டர் இல்லை

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், தையல் மெஷினும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "கிளாஸ் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய், இது பாதியில் விடுகிற விஷயமே இல்லை, அதனால்தான் பேப்பரும் பேனாவும். முதலில் தலைப்புச் செய்தியைப் பிடி: பாஸ்! கட்டிங் பரீட்சையில் உன் அம்மா பாஸ்! வருகிற திங்கட்கிழமையிலிருந்து தையல் யூனிட்டில் கட்டிங் டேபிள் எனக்குத்தான், பட்டன் துளை போடுகிற காஜா மெஷின் முன்னால் குனிந்தே கிடந்த கழுத்து இனிமேல் நிமிரப்போகிறது. அப்பா தெருமுனை பேக்கரி வரைக்கும் போய், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாமே கையைவிட்டுப் போக இருந்தது தெரியுமா. நம்ம ஆன்லைன் கட்டிங் மாஸ்டர் புராணத்தை உன்னிடம் நான் பாடாத நாளில்லை. அவர் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத்தானே சட்டை வெட்டவே கற்றுக்கொண்டேன், வகுப்பு ஆரம்பித்ததும் முதல் ஆளாய்ச் சேர்ந்தேன், நீகூட "மாஸ்டருக்கு ரசிகர் மன்றமே வச்சிடும்மா" என்று கிண்டல் பண்ணினாய். வருஷம் முழுக்க நாங்கள் வரைந்த பேட்டர்ன் எல்லாம் வகுப்பு ஆப்பில் அவரவர் கணக்கில்தான் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் மார்க்கே. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டோ எங்கள் கூட்டத்தில் இரவல் ஊசி மாதிரி. ஒருத்தி வீட்டில் போன் பிள்ளைகள் கையில் இருக்கும், இன்னொருத்திக்கு ஷிஃப்ட், "என்னுதுல பூந்து பாத்துக்கடி" என்று கொடுத்துவிடுவோம். யாராவது மாற்றினால் "ஏன், எங்கள நம்பலையா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். போதாததற்கு, எங்களோடு படிக்கிற, யூனிட்டில் பட்டன் தைக்கிற அக்கா நல்ல மனசோடு வகுப்பு வாட்ஸப் குரூப் லிங்க்கைக் கண்டவருக்கெல்லாம் அனுப்பி வைத்திருக்கிறார். அதைப் பிடித்து எவனோ ஒருத்தன் மாஸ்டர் போட்டோவை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான், எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு யூனிட்டில் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், குரூப்பில் மெசேஜ். பரீட்சைக்கு எல்லார் கணக்கையும் சரிபார்க்கிறேன், போனுக்கு வருகிற ஓடிபியை உடனே அனுப்புங்கள், இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று மாஸ்டர் போட்டோவோடு வந்திருக்கிறது. பதறி அடித்துக்கொண்டு ரெண்டு பேர் அனுப்பியே விட்டார்கள், "மாஸ்டர் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்று மற்றவர்களும் தயார். நானும் நம்பரை டைப் பண்ணிவிட்டேன் சிட்டு, இனி அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அந்த அவசரம் கண்ணில் உறுத்தியது. எங்கள் மாஸ்டராவது அவசரப்படுத்துவதாவது! யாராவது வேகமாகக் கத்திரி வைத்தால் "கத்திரிய கீழ வைங்க, போயி தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்கிற மனுஷன். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. யாரும் அனுப்பாதீங்க என்று குரூப்பில் போட்டேன். உடனே பட்டன் அக்கா வாய்ஸில் பிடித்துக்கொண்டார், "ஏண்டி, மாஸ்டரையே சந்தேகப்படறியா? அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா நீ?" என்று. நிஜமாகவே அவராக இருந்துவிட்டால் எந்த முகத்தோடு வகுப்பில் உட்காருவேன்? வந்தது வரட்டும் என்று எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டேன், "மாஸ்டர், போன வாரம் நான் தச்ச காலர் எப்படி இருந்துச்சு?" என்று. அந்தக் காலர்தான் உனக்குத் தெரியுமே, மாஸ்டர் அதைக் கேமராவில் பெரிதாகக் காட்டச் சொல்லி "இது காலர் இல்லம்மா, யானைக் காது" என்றாரே, அன்றிலிருந்து குரூப்பில் என் பெயரே யானைக்காதுதானே. பதில் வந்தது பார், மிகவும் அருமையாக இருந்தது, வாழ்த்துகள், ஓடிபியை அனுப்பவும்!

அவ்வளவுதான், குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் ஆளாகப் பாய்ந்தது யார் தெரியுமா, அதே பட்டன் அக்கா! "டேய், யார்ரா நீ? எங்க மாஸ்டர் ஒரு நாளாச்சும் வாழ்த்து சொல்லிப் பாத்திருக்கியா? யானைக் காதையா அருமைங்கற?" என்று வாய்ஸ் மேல் வாய்ஸ். ஆள் போன இடம் தெரியவில்லை. அதற்குள் மாஸ்டரே திருப்பிக் கூப்பிட்டார், விஷயத்தைச் சொன்னதும் அந்த ரெண்டு பேர் கணக்கையும் அப்போதே முடக்கி மீட்டுக் கொடுத்தார், ஒரு பேட்டர்ன்கூடப் போகவில்லை. சாயங்கால வகுப்பில் "நானே கேட்டாலும் திருப்பிக் கேள்வி கேளுங்கம்மா, அது மரியாதைக் குறைச்சல் இல்ல" என்றார். இப்போது ஆளுக்கொரு பாஸ்வேர்டு, ஒருத்தியும் மூஞ்சியைத் தூக்கவில்லை. வகுப்பைத் தவறவிட்டவளுக்கு மாஸ்டரே வீடியோ அனுப்பிவிடுகிறார். என்னைப் பாராட்டினாரா என்று கேட்பாய். "கேள்வி நல்ல கேள்விதான், காலர் இன்னும் யானைக் காதுதான்" என்றார். நிஜ மாஸ்டர்தான் என்று அப்போதுதான் நிம்மதியானேன்! பரீட்சைக் காலரைப் பார்த்து மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை சிட்டு. அவர் சும்மா இருந்தாலே அது பெரிய மெடல்.

இப்போது உன் விஷயம். நீ கிளம்பும்போது "அம்மாகிட்ட என்ன ஒளிவு மறைவு" என்று உன் காலேஜ் கணக்கு பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டேன் இல்லையா, அது இனி எனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அதை மாற்றிவிடு, என்னிடம் சொல்லாதே, அப்பாவிடம் சொல்லவே சொல்லாதே, பேக்கரிக்குப் போய்விடும். என் போட்டோவோடு யார் எதைக் கேட்டாலும், ஏன், நானே கேட்டாலும், முதலில் பரீட்சைக் காலரைப் பார்த்து மாஸ்டர் என்ன சொன்னார் என்று கேள். பாராட்டினார் என்று பதில் வந்தால் அது உன் அம்மா இல்லை.

தொட்டதெல்லாம் கோணாமல் நேராக வந்து நீ நல்லா இருக்கணும் என் தங்கமே. பாஸ்வேர்டு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
கட்டிங் டேபிள் யானைக்காது