கூடப் பிறந்தவர்கள் வர வேண்டும்

குரிச்சிபா, பிப்ரவரி 6

அன்புத் தம்பி அதெமிருக்கு,

மார்பில் இருந்த புற்றுக் கட்டியை எடுத்துவிட்டார்கள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பக்கத்துக் கட்டில்காரியோடு சண்டை போடுகிறேன். ஆக, பிழைத்துவிட்டேன்.

டாக்டர் மரபணு என்று ஆரம்பித்ததும் எனக்குத் தலை சுற்றியது. "உங்க தம்பி என்ன வேலை பாக்குறார்?" என்றார். ஆப்பிள் தரம் பிரிக்கிறான் என்றேன். "ரொம்ப வசதியாப் போச்சு" என்று சிரித்தார். ஆப்பிள் ஓடும் உங்கள் பெல்ட்டின் இரு பக்கமும் ஆள் நின்று அழுகலைப் பொறுக்குவதுபோல, ஒவ்வொரு செல்லிலும் ஒரு காவல் மரபணு இரண்டு பிரதியாக நிற்கிறதாம். கெட்ட செல்லைப் பெருகவிடாமல் நிறுத்தும், முடிந்தால் சரிசெய்ய வைக்கும், முடியாவிட்டால் சாகச் சொல்லும். எனக்குப் பிறக்கும்போதே ஒரு பக்கத்து ஆள் சரியில்லை. மறுபக்கத்து ஆளும் கண்ணயர்ந்தால் அழுகல் தாண்டிவிடும். அம்மாவை அள்ளிக்கொண்டு போனதும் இதுதானாம். பிரேசிலில் நம் தெற்குப் பக்கத்தில் பல குடும்பங்களில் இது ஓடுகிறதாம்.

"கூடப் பிறந்தவங்க எல்லாரும் வந்து பாத்துக்கணும்" என்றார். நீ வர வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

உன் அக்கா
இயோலாந்தா

பால்மாஸ், பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

இப்படி எழுதினால் எப்படித் தூங்குவேன்? அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறாள் இங்குள்ள நர்ஸ். எனக்கிருந்தால் ரோசிலேனி வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அதே கணக்கு. அவளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நேற்று நல்ல ஆப்பிளையெல்லாம் எறிந்துகொண்டிருந்தேனாம். "தம்பி, தூங்குறதுன்னா வீட்டுக்குப் போ" என்றார் மேஸ்திரி.

ஏன் வர வேண்டாம்? எனக்கு இருப்பது உனக்கு முன்பே தெரியுமா?

அதெமிர்

குரிச்சிபா, மார்ச் 2

என் கண்ணே,

உனக்கு அது வர வழியில்லை. உன்னைப் பெற்றவள் லூர்தெஸ். அம்மாவோடு ஆப்பிள் பறித்தவள், காய்ச்சலில் போய்விட்டாள். நீ கைக்குழந்தை. அம்மா உன்னைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "இனிமே இவன் உன் தம்பி. வேற பேச்சு இந்த வீட்ல கூடாது" என்றாள். நானும் பேசவில்லை. இப்போதும் பேசியிருக்க மாட்டேன், நீ பயந்து சாகிறாயே.

உன் பிள்ளைக்கு இந்தப் பயம் வேண்டாம். சந்தோஷமாக இரு. இதை எப்படிச் சந்தோஷமாக எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

இயோலாந்தா

பால்மாஸ், மார்ச் 20

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். விழித்ததும் அப்படித் தூங்கியதற்கு என் மேலேயே கோபம் வந்தது. பிள்ளை தப்பியது என்று சிரிக்கவா, அம்மா போய்விட்டாள் என்று மறுபடி அழவா? ஒன்றும் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை குரிச்சிபாவுக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வர முகமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். "குடும்பத்துல யாருக்குப் புற்றுநோய்?" என்று அங்கே ஒரு பெண் கேட்டாள். அம்மாவுக்கு, அக்காவுக்கு என்றேன். ரத்தம் எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் வராதுன்னு தெரிஞ்சுபோச்சே, எதுக்குப் போனீங்க?" என்று ரோசிலேனி திட்டுகிறாள். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

கூடப் பிறந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராமே. வந்தேன்.

உன் தம்பி
அதெமிர்