கால் மேஸுக்குள் வந்த புரொசசர்

என் குஞ்சுத் தம்பி சுதனுக்கு,

முதலில் உனக்கு ஏச்சு. சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு மனிசன் கணினி பூட்டப் போகிறேன் என்று கேசிங் வாங்கி, மதர்போர்ட் வாங்கி, ரேமும் பவர் சப்ளையும் வாங்கி, எல்லாவற்றையும் அலுமாரிக்கு மேலே அடுக்கிவிட்டு, அதற்கு மூளையாக இருக்க வேண்டிய புரொசசர் எது என்று ஒரு சொல் சொல்லாமல் போவானா? காய்ச்சலோடு ஆசுபத்திரிக்கு வெளிக்கிடும்போதும், "அக்கா, உதுகளைத் தொடாதேங்கோ, நான் வந்து பூட்டுறன்" என்றுதானே சொன்னாய். நீ வரவில்லை. நானும் தொடவில்லை.

உன் ஆண்டுத் திவசம் முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகு அம்மா அலுமாரிக்கு மேலே பார்த்தா. "உந்தப் பெட்டியளை என்ன செய்யிறதா உத்தேசம்? கஜனிட்டச் சொன்னா ஆருக்கும் வித்துத் தருவான்தானே" என்றா. அம்மா அதை மனமில்லாமல்தான் சொன்னா, எனக்குத் தெரியும். பார்க்கப் பார்க்க அவாவுக்கு ஏலாமல் இருந்தது. நான், "விக்கிறேல்ல அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டேன்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள், ஆகையால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பொறுத்துக்கொள். பகல் முழுக்க முரசுமோட்டையில் ஊரார் வயலைக் கூலிக்கு உழுதுவிட்டு, ஞாயிறு பின்னேரம் கிளிநொச்சி டவுனில் உன் கூட்டாளி கஜனின் கணினிக் கடையில் குந்தி, அங்கேயும் ட்ராக்டர் ஓட்டுகிற விளையாட்டு விளையாடின ஒருத்தனை நான் உன்னைத் தவிர வேறு கண்டதில்லை. "உழுதது காணாதெண்டு காசு குடுத்தும் உழுறியோ? விசரோடா உனக்கு?" என்று அம்மா கேட்பா. நீ சிரிப்பாய். "அங்க சேறு இல்லையம்மா. அதோட அங்க அண்ணாவும் வருவார்" என்பாய்.

அந்த இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணம். அண்ணா கனடாவுக்குப் போய் எவ்வளவு காலம்! அங்கே நிரந்தரமாக இருப்பதற்கான பேப்பர் இன்னும் கிடைக்கவில்லை; வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அந்த மனிசனுக்கு எங்கள் ஊர் வயலில் கால் வைக்க வழியில்லை என்றுதான் நீங்கள் இரண்டு பேரும் விளையாட்டில் ஒரு காணி எடுத்தீர்கள். அவர் அங்கிருந்து ஒரு ட்ராக்டர், நீ இங்கிருந்து ஒரு ட்ராக்டர். கஜனின் கடையில் நேரம் சரிவராது என்றபடியால்தான் சொந்தக் கணினி என்ற கதையே தொடங்கியது. மற்றதெல்லாம் உன் பொறுப்பு, புரொசசர் மட்டும் என் பங்கு, என் சீட்டு விழுந்ததும் வாங்கித் தருவேன் என்று நான் சொன்னேன். நினைவிருக்கா?

சீட்டு விழுந்தது, சுதன். நீ இல்லாத நேரம் பார்த்து விழுந்தது.

காசைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கஜனின் கடைக்குப் போனேன். "நல்ல புரொசசர் ஒண்டு தா" என்றேன், கடையில் சீனி கேட்கிற மாதிரி. அவன் சிரிக்கவில்லை, பாவம். ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"அக்கா, நல்லது எண்டு பொதுவாச் சொல்லேலாது. சுதன்ர போர்டுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, படம் காட்டுற வேலையையும் தானே செய்யிற புரொசசர். அதுக்கு வேற கார்ட் தேவையில்லை, கரண்டும் குறைவாத்தான் இழுக்கும். ஆனா பெரிய விளையாட்டு எண்டா கொஞ்சம் மூச்சு வாங்கும். மற்றது அதைவிட வேகம். ஆனா அதால தனியப் படம் காட்டேலாது. கிராபிக்ஸ் கார்ட் ஒண்டும் வாங்கிப் போட்டாத்தான் திரையில ஏதும் தெரியும்."

"சுதன் எதை எடுக்க நினைச்சவன்?"

"காலமை ஒண்டு சொல்லுவான், பின்னேரம் மற்றதைச் சொல்லுவான். உங்களுக்குத் தெரியாதே அவனை."

தையல் மெஷினோடு சீவிக்கிற எனக்கு இது விளங்கியது. மோட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஊசி மெல்லியது என்றால் ஜீன்ஸ் துணி தைக்க முடியாது. இருக்கிற காசு முழுவதையும் மோட்டருக்கே கொட்டினால் ஊசிக்கு எங்கே போவது? பின்னேரம் ஊரெல்லாம் தண்ணீர் மோட்டர் போடும்போது எங்கள் வீட்டு லைட் மங்குவதையும் யோசித்தேன். முதலாவதையே எடுப்போம் என்றேன். கஜனும் தலையாட்டினான், கொழும்பில் இருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொன்னான். அன்றைக்கு எனக்குச் சந்தோசத்தில் பெரிய புளுகம். உனக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போதே அண்ணாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

 அண்ணா, "வாங்காதை வாசுகி. நான் புரொசசர் அனுப்பிட்டன். இங்க இருக்கிற மாமி ஊர்த் திருவிழாவுக்கு வாறா, அவாவிட்டக் குடுத்து விட்டனான்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "அது என்ர பங்கு அண்ணா! என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களோ? கனடாச் சாமான் எண்டாத்தான் திறமோ?" என்று பஸ்ஸுக்குள்ளேயே கத்தினேன். பக்கத்தில் இருந்த ஒரு வயதான மனிசி திரும்பிப் பார்த்தா. நான் ஃபோனை வைத்துவிட்டேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. நீ இருந்திருந்தால் நடுவில் நின்று நக்கலடித்தே எங்களைச் சேர்த்திருப்பாய்.

மாமி வந்து பெட்டியைத் திறந்தா. சவர்க்காரம், சொக்லேட், அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய், ஆருடையதோ பழைய சாரிகள். புரொசசரைக் காணவில்லை. தேடித் தேடி, கடைசியில் காலுக்குப் போடுகிற ஒரு சோடி மேஸை மாமி எடுத்துத் தந்தா. அதற்குள் இருந்தது! எங்கள் சனத்தைப் பற்றி உனக்குத் தெரியும்தானே? வெளிநாட்டுப் பெட்டியில் ஒரு விரல் இடமும் வெறுமையாக விடக்கூடாது. புரொசசரின் மட்டைப் பெட்டி இடம் பிடிக்கிறது, புதுச் சாமான் என்று விமான நிலையத்தில் கேள்வியும் கேட்பார்கள் என்று நினைத்து, அண்ணா பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் எறிந்துவிட்டு மேஸுக்குள் செருகியிருக்கிறார். மிச்சம் பிடித்த இடத்தில் இன்னும் இரண்டு சொக்லேட் பக்கற்!

திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க மயிர் மாதிரிப் பின்கள். ஒரு மூலையில் இருந்தவை எல்லாம் சீப்பின் பல் நெளிந்த மாதிரிப் படுத்துக் கிடந்தன.

கோபத்தோடுதான் வீடியோவில் அழைத்தேன். இரவு வேலை முடிந்து வந்த உடுப்போடு இருந்தார் அண்ணா. புரொசசரைக் கமராவுக்குக் கிட்டே பிடித்தேன். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"அவன்ர செத்தவீட்டுக்கும் வரேலாமப் போச்சு. சாமான் அனுப்பத்தானே என்னால முடிஞ்சது. அதையும் நெளிச்சுப் போட்டன் பார்" என்றார்.

என் கோபம் அந்த இடத்திலேயே செத்தது, சுதன். உன் செத்தவீட்டை ஃபோனில் பார்த்த மனிசன் அது. "கிட்டப் பிடி, முகத்துக்குக் கிட்டப் பிடி" என்று அவர் கத்தினது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. அவருக்குத் தோள் கொடுக்க உன் பாடையும் கிடைக்கவில்லை, கொள்ளி வைத்த கையைப் பிடிக்கவும் கிடைக்கவில்லை. அவருக்கென்று இதில் இருந்தது இந்த ஒரு சின்னச் சாமான்தான்.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், கஜன் பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தான். மாடல் உன் போர்டுக்குப் பொருந்துமாம். நீ அண்ணாவுக்கு அனுப்பின போர்டின் ஃபோட்டோவைப் பார்த்துச் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார். வேகமான வகை, தனியாகப் படம் காட்டாது. "ஆனா பின் ஒண்டு முறிஞ்சாலும் இது குப்பைக்குத்தான் அக்கா. நெளிஞ்சபடி போட்டா சுதன்ர போர்டும் போகலாம். என்னைக் கேட்டா, நாங்கள் சொன்ன மற்றதையே எடுங்கோ. அது பயமில்லை."

பயமில்லாத புரொசசர் கொழும்பில் இருக்கிறது. அண்ணாவின் புரொசசர் என் உள்ளங்கையில் இருக்கிறது. உன் போர்டைப் பழுதாக்கிவிட்டால் உனக்கு என்ன சொல்வேன்? இதை ஒதுக்கிவைத்தால் அண்ணாவுக்கு என்ன சொல்வேன்? வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உன்னைத்தான் கேட்டேன். நீ எப்போதும் போல, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று சொன்னாய்.

கடைசியில் அடுத்த நாள் மத்தியானம், வெயில் நல்லாக உள்ளே விழுகிற யன்னலடியில் இருந்தேன். கல்யாண பிளவுஸுக்கு மணி கோக்கிற பூதக்கண்ணாடி, மிகவும் மெல்லிய ஊசி. ஒரு பின்னை எடுத்து, ஊசி நுனியால் மெல்ல மெல்ல நிமிர்த்தி, பக்கத்து வரிசையோடு ஒத்துப் பார்த்து, பிறகு அடுத்தது. மூச்சும் விடவில்லை. அம்மா திருநீற்றுத் தட்டோடு வந்து நின்றா. புரொசசருக்குப் பூசப் போகிறா என்று கண்டதும், "ஐயோ அம்மா, தூள் பட்டாக் கெட்டுப்போம்!" என்று கத்திவிட்டேன். அவா கோபிக்கவில்லை. கேசிங்குக்கு மூன்று குறி போட்டுவிட்டு, அங்கேயே நின்று தேவாரம் முணுமுணுத்தா. விற்கச் சொன்ன மனிசிதான்.

கடைக்குக் கொண்டு போனோம். "அமத்தக் கூடாது, தானா விழவேணும்" என்றான் கஜன்.  போர்டில் வைத்தான். மூலையில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. எடுத்துத் தந்தான், நான் ஒரு பின்னைத் தட்டினேன், திரும்ப வைத்தான். சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. படம் பார்ப்பதற்குக் கடைக் கார்ட் ஒன்றை இரவல் பூட்டி, சுவிச்சைப் போட்டான். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன், பிறகு உன்னைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு வெள்ளை எழுத்துகள் வந்தன. கஜன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். சார்ஜர் வாங்க வந்த ஆள் ஒன்றும் விளங்காமல் நின்றார்.

என் சீட்டுக் காசு கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது. பாவித்த கார்ட்தான், கிரிப்டோ என்கிற இணையக் காசு தோண்டும் வேலைக்கு இராப்பகலாக ஓடிக் களைத்த கார்டாக இருக்கக்கூடாது என்று கஜன் பார்த்துப் பார்த்து எடுத்தான். அண்ணாவின் சாமான் யோசிக்கிறது, என் சாமான் படம் காட்டுகிறது, மற்றதெல்லாம் உன்னுடையது. கணினி இப்போது முன் அறையில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லைட் மங்கினால் அணையாமல் இருக்க ஒரு யூபிஎஸ்ஸும் உண்டு.

போன ஞாயிறு பின்னேரம், அண்ணாவுக்கு அங்கே விடிந்த நேரம், நான் முதல்முறையாக உங்கள் காணிக்குள் வந்தேன். சுதன், எவ்வளவு பெரிய காணியடா! வேலியோரம் ஒரு சிவப்பு ட்ராக்டர் நின்றது. கலப்பை மண்ணுக்குள் இறங்கினபடி. அதற்குப் பின்னால் பாதி வயல் உழுதிருந்தது, முன்னால் பாதி அப்படியே கிடந்தது.

"அது சுதன் கடைசியா நிப்பாட்டினது. நான் அதைத் தொடேல்ல. அந்தப் பக்கம் உழவும் இல்லை" என்றார் அண்ணா.

"நான் தொடட்டே அண்ணா?"

 "தொடு வாசுகி. பின்ன என்னத்துக்கு அந்தப் புரொசசர்?"

நான் ஏறி ஓட்டினேன். ஐயோ, நீ பார்த்திருக்க வேண்டும்! நீ இழுத்த உழவுச் சால் நூல் பிடித்த மாதிரி நேராக வந்து நிற்கிறது. அதில் இருந்து என் சால் வளைந்து வளைந்து வேலிப்பக்கம் போகிறது. "பிரேக்கைப் பிடியடி, வேலி போகுது!" என்று அண்ணா கத்தினார். உன் செத்தவீட்டுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மா குசினியில் இருந்து ஓடி வந்து திரையைப் பார்த்து, "அங்க மழை பெய்ததோ? மண் நல்லாத்தான் இருக்கு" என்றா. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்துவிட்டா.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் ட்ராக்டரைப் பூப்போட்டு ஓரத்தில் நிறுத்தி வைக்க மாட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் அது ஓடும். என் சால் இன்னும் கொஞ்ச நாளைக்குக் கோணலாகத்தான் போகும், நீ நக்கலடித்துக்கொள். அண்ணாவுக்குப் பேப்பர் கிடைத்து முரசுமோட்டைக்கு வருகிற அன்றைக்கு, உண்மை வயலில் முதல் சால் அவர்தான் இழுப்பார். அது வரைக்கும் நீ பாதியில் விட்ட மற்றப் பாதியை நாங்கள் இரண்டு பேரும் உழுதுகொண்டிருப்போம்.

இப்படிக்கு,
உன் புரொசசரைத் தொட்டுவிட்ட,
உன்ர அக்கா வாசுகி