வேலி நகர்ந்த பக்கம்

அக்கா,

காலையிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்கப் பச்சைக் கிளுவை மணம். உங்கள் வீட்டு வளவில் வேலி அடைக்கிறார்கள். முன்பு இந்த வேலியை உங்களிடமிருந்து காவல் காத்தேன். இப்போது உங்கள் தமையனின் மகனிடமிருந்து காவல் காக்கிறேன். பழைய வேலிக் கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதியதை ஒரு சாண் அடுத்தவன் பக்கம் அரக்கி நடாதவனை நம் ஊரில் விவரம் கெட்டவன் என்பார்கள். என்னை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தலைமை ஆசிரியராக வந்த புதிதிலேயே எனக்கு உங்கள் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கியதும் வேலி ஓலைக்கு அந்தப் பக்கம் உங்கள் நிழல் வந்து நிற்கும். நான் இருமினால் நகர்ந்துவிடும். புருஷன் மலாயாவுக்குப் போய்த் திரும்பவில்லை, பிள்ளை குட்டி இல்லை, தனியாகத் தோட்டம் செய்கிற மனுஷி. அவவுக்கு வாய்ப்பாட்டில் என்ன வேலை? இடத்தைத்தான் நோட்டம் பார்க்கிறா என்று முடிவு கட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் கொடுத்துவிடும் முருங்கைக்காயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் சமையலுக்கு விட்டேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடப் பரிசோதகர் வந்தார். பிள்ளைகள் விளையாட முற்றம் காணாது, அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் பள்ளிக்கூடத்தை மூட எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூடினால் பிள்ளைகள் தூரத்திலுள்ள உடுவில் பக்கம் நடக்க வேண்டும். சின்னதுகளில் பாதி படிப்பை விட்டுவிடும். உங்களிடம் கொஞ்ச நிலம் கேட்டுப் பார்ப்போம் என்றார் பள்ளிக்கூட முகாமையாளர். நமக்குத் தேவை என்று தெரிந்தால் இன்னும் நெருக்குவீர்கள் என்று நான்தான் தடுத்தேன். அதோடு விடவில்லை. சுவரிலிருந்து வேலிவரை கயிறு பிடித்து, அளவுக்கு முடிச்சும் போட்டு வைத்தேன்.

விடுமுறை முடிந்து வந்தால் உங்கள் பக்க வேலி புத்தம் புதிதாக நிற்கிறது. ஆளில்லாத நேரம் பார்த்து அடைத்திருக்கிறீர்கள். பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றை எடுத்துப் பிடித்தேன். முடிச்சு வேலிக்கு எட்டவில்லை. திரும்பவும் பிடித்தேன். வேலி உங்கள் வளவுக்குள் நன்றாகத் தள்ளிப் போயிருந்தது. உங்கள் எலுமிச்சை மரம் எங்கள் முற்றத்தில் நின்றது.

சந்தோஷம் வரவில்லை அக்கா, பயம்தான் வந்தது. பள்ளிக்கூடம் காணியைப் பிடித்துவிட்டது என்று நாளைக்குக் கோட்டு வழக்குக்கு இழுப்பீர்கள் என்று நினைத்தேன். நேரே உங்கள் முற்றத்துக்கு வந்தேன். நீங்கள் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"வேலி பிழைச்சுப் போச்சுப் போலை" என்றேன்.

"பிழைக்கேல்லை, சட்டம்பியார். நான்தான் தள்ளிப் போடச் சொன்னனான்."

"ஏன்?"

நீங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்களுக்கு இடம் காணாதெண்டு ஊரெல்லாம் கதைக்குது. எனக்கும் பிள்ளையளின்ரை சத்தம் கொஞ்சம் கிட்டக் கேக்கும்."

நான் நம்பவில்லை. பரிசோதகர் முற்றத்தைப் பார்த்துத் தலையாட்டிப் போன பிறகும் நம்பவில்லை. பிறகு அந்த நிலத்துக்கு உறுதிப் பத்திரமும் எழுதிக் கொடுத்தீர்கள். அதையும் காணிச் சட்டம் தெரிந்த வேறொரு பிரக்கிராசியாரிடம் காட்டித்தான் வாங்கினேன். ஆனால் நிழல் மட்டும் வாய்ப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்தது. நான் இருமுவதை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னபோது வேலியில் வெறும் வெயில் அடித்தது. அன்றைக்கு என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

இன்று உங்கள் தமையன் மகன் கதியால்களைப் பழைய குழிகளிலேயே நட்டான். நட்டுவிட்டு என்னிடம் வந்தான். முகம் நன்றாக இல்லை.

"பிள்ளையளை எங்கடை பக்கம் திருப்பி இருத்தி வேணுமெண்டே கத்த விடுறியள். எங்களைக் கிளப்புற யோசனையோ?" என்று கேட்டான்.

அவன் சந்தேகப்படட்டும். வகுப்புக்குத் திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கள் என்றேன்.