கடைசிப் பக்கம் கிளி

காலையில் கொய்யா மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்த உன் தங்கை, பாதி தின்ற பழம் ஒன்றை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தாள். "பாருங்க, கிளி வந்து கிளிச்சுட்டுப் போயிருக்குது" என்றாள். பழத்தின் வாசனை அறை முழுவதும் பரவியது. வாசனையைவிட அந்த வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பறவைக்கும் கிழிப்பதற்கும் அவள் வாயில் ஒரே ளகரம். கணவனாகவும் வாத்தியாராகவும் இருந்து திருத்திப் பார்த்தேன்; திருந்தவில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்தது. உனக்கு எழுதியே தீர வேண்டும் என்று உடனே தோன்றிவிட்டது. ஒழுங்கில்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே முதலில் குறிப்புகள்:

1. நம் இருவருக்கும் பிடித்த மூன்று நாவல்கள்.
2. கதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லி நீ என்னை வதைத்தது.
3. மூன்றாவது நாவலின் கடைசிப் பக்கத்தை நீ கிழித்தது.
4. அதற்கு நான் பழி வாங்கியதும், இன்னும் மிச்சம் இருப்பதும்.

வரிசை சரிதானா என்று தெரியவில்லை. கோபத்தை முதலில் வைத்திருக்கலாம். ஆனால் அந்த நாவல்களைச் சொல்லாமல் கோபத்தைச் சொன்னால் யாருக்கும் புரியாது.

உத்திரமேரூர் நூலகத்தில் அப்போது அட்டையும் முதல் தாளும் இல்லாத புத்தகங்களே அதிகம். தலைப்பு தெரியாது, எழுதியவர் தெரியாது. நாமே பெயர் வைத்துக்கொண்டோம். முதலாவது, 'உப்புக் கோட்டை'. உப்பால் கட்டிய கோட்டையில் இருக்கும் ராணியை மழையரசன் காதலிப்பான். அருகில் வந்தால் கோட்டை கரைந்துவிடும், வராவிட்டால் அவள் தாகத்தில் சாவாள். இரண்டாவது, 'ஓடக்காரன்'. ஒவ்வொரு முறை ஆற்றைக் கடக்கும்போதும் அவனுக்கு வயது குறையும். அக்கரையில் காத்திருப்பவளுக்கு வயது ஏறும். மூன்றாவது, 'சிரிப்பு'. அரசகுமாரியின் சிரிப்பை ஒரு சூனியக்காரன் திருடி எங்கேயோ ஒளித்துவிடுவான். அவளை விரும்பிய குயவன் கிணறு, சிலம்பு, கோயில் மணி என்று எல்லாவற்றிலும் தேடுவான்.

ஒவ்வொன்றும் ஒரே புத்தகத்தில் தொடங்கி அதிலேயே முடிபவை. 'தொடரும்' என்ற சொல்லின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. உனக்குப் பொறுமை இல்லை. "வாராவாரம் வாயப் பொளந்துக்கினு ஒக்காந்திருக்க நான் இன்னா கொக்கா?" என்பாய்.

பிடித்தது ஒன்றாக இருந்தாலும் படிக்கும் முறை வேறு. நான் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்காமல் மூடிவைப்பேன். மறுநாள் குளித்து, பள்ளிக்குப் புறப்படும் முன் அதைப் படிப்பேன். கதையோடு இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்ற ஆசைதான். நீயோ கடைசிப் பக்கத்தில் தொடங்குகிறவன்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் நீ கண்டக்டர். திருப்புலிவனத்தில் நான் வாத்தியார். பள்ளிக்கூடம் சாலையோரம் இருந்தது என் தலைவிதி. பஸ் பள்ளியைத் தாண்டும்போது படியில் தொங்கிக்கொண்டு கத்துவாய். "வாத்தியாரே! கோட்டை கரைஞ்சிடுது! ரெண்டு பேரும் காலி!" பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். ஓடக்காரனையும் அப்படித்தான் முடித்தாய். "கொளந்தையா பூட்டாம்பா! அவ தூக்கி இடுப்புல வெச்சுக்கறா!" இரண்டு விசில், பஸ் போய்விடும். எழுதியவர் எவ்வளவு பாடுபட்டு மறைத்துவைத்த முடிவு அது! கரும்பலகையைப் பார்த்து நின்றபடி பல்லைக் கடித்திருக்கிறேன். எதிரில் வந்து கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

'சிரிப்பு' கிடைத்தபோது உன்னிடம் சொல்லவே இல்லை. எப்படியோ மோப்பம் பிடித்தாய். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்த மாலையில் வந்து, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாய். "காலைல வந்துடும்பா. முடிவ மட்டும் சொல்ல மாட்டேன், போதுமா?" என்றாய். மறுநாள் உங்கள் வீட்டிலிருந்து புத்தகம் வந்தது. கடைசிப் பக்கம் இல்லை. கிழித்த இடத்தில் பல் போல ஓர் ஓரம் மட்டும் நின்றது.

அதை அப்படியே நூலகத்தில் கொடுத்தேன். நூலகர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார். "வாத்தியார் நீங்களே இப்பிடிப் பண்ணா, பசங்கள இன்னான்னு கேக்கறது?" பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலைதூக்கினார்கள். இன்னொருவருக்குக் கொடுத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் காக்கிச் சட்டையோடு நீ உள்ளே வந்தாய். விஷயம் என்னவென்று பாதி கேட்டாய், மீதியைக் கேட்கவில்லை. "இன்னா வாத்தியாரே, பெரிசா கிளிச்சுட்டே போல கீது!" என்றாய். கூடம் அதிரச் சிரித்தார்கள். என் உறுப்பினர் அட்டையை நூலகர் வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஊருக்கு நான் 'கிளிச்ச வாத்தியார்'. கேட்பவர்கள் நான் கிளி வளர்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அதுவே நல்லது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் நீயே வந்தாய். சிரிப்பு இல்லை. "நான்தாம்பா கிளிச்சேன். இன்னா இப்போ?" என்றாய். ஏன் என்று கேட்டேன். "கிளிக்கணும்னு தோணுச்சி, கிளிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

இனி நான்காவது குறிப்பு. உன் தங்கையை எனக்குக் கொடுப்பதாக அப்போதே பேச்சு இருந்தது. அவளை மணந்தேன், உன்னை மன்னிக்கவில்லை. நூலகத்தில் இடமில்லாத எனக்கு நீ காஞ்சிபுரத்திலிருந்து வாடகை நாவல்கள் கொண்டுவந்தாய். வாங்கவில்லை என்று எழுத ஆசை, வாங்கினேன். ஒவ்வொன்றையும் முதலில் படித்துவிட்டு உன்னிடம் பொய் முடிவு சொன்னேன். காதலர்கள் சேரும் கதையில் அவள் விஷம் குடித்தாள் என்றேன். முடிவுதான் தெரிந்துவிட்டதே என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல், நீ அதை நம்பினாய். "வாத்தியாரே, நீ நல்லா இருப்பியா? ஓரிக்கைல ஆரம்பிச்ச அளுகை மாகறல்லதான் நின்னுச்சி. டிக்கெட்டு குடுக்க முடியல. பாசஞ்சருங்க எங்க வூட்ல எளவான்னு கேக்கறாங்க. கடசில பாத்தா கல்யாணம் பண்ணிக்கினு நிக்கறா!" என்றாய். எனக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

அது போதவில்லை. உன் வீட்டு விசேஷங்களில் கடைசிப் பந்திக்குத்தான் வந்தேன். உன் மகன் என்னிடம் எழுத்துக் கற்க வந்தபோது ழகரத்துக்காக அவனைக் கூடுதலாகப் படுத்தினேன். சென்ற மாதம் உன் கருமாதியில் உன் படத்துச் சந்தன மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கோணலான எதையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாதவன் நான் என்று உனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து, நேராக்காமல், பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது உன் தங்கை கொய்யாவைக் கழுவி, கிளி கொத்திய பக்கத்தை விட்டுத் துண்டு போட்டுக் கொண்டுவந்தாள். "இன்னாங்க, காலைலேர்ந்து எளுதிக்கினே கீறீங்க?" என்றாள். ஒளிக்க எனக்குத் தெரியாது. குறிப்புகளைப் படித்துக் காட்டினேன். மூன்றாவதைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணன் கிளிக்கலீங்க. நான்தான் கிளிச்சேன்."

அவள் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். புத்தகம் திரும்பி வந்ததற்கு முந்திய இரவு, சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று உன்னை நச்சரித்திருக்கிறாள். நீ சொல்லவில்லை. காலையில் உன் பஸ் வீட்டு வாசலைத் தாண்டும்போது, இதை வாத்தியாரிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்கப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். இன்னும் முடிவைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து நீ படியிலிருந்து கத்தியிருக்கிறாய்:

"கடசிப் பக்கம்! கிளி!"

"அண்ணன் கிளிக்கச் சொல்றாருன்னு கிளிச்சுட்டேன். அந்தப் பக்கத்துல எவனோ பென்சில்ல கண்டபடி எளுதி வெச்சிருந்தான். உங்க கண்ணுல படக் கூடாதுன்னு சொல்றாருன்னு நெனச்சேன். படிக்கக்கூட இல்ல. அடுப்புல போட்டுட்டேன். சாயங்காலம் வந்து தலைல அடிச்சிக்கினாரு. 'அடிப் பைத்தியமே, நான் பறக்கற கிளியச் சொன்னேன்டி'ன்னாரு."

"அப்புறம் ஏன் தான் கிழித்ததாகச் சொன்னான்?"

"நம்ம கல்யாணப் பேச்சு நடந்துக்கினு இருந்துச்சே. புக்கு கிளிச்ச பொண்ண வாத்தியாரு கட்டுவாரான்னு பயம். தான் சாவற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. லைப்ரரிலயும் போயி நான்தான்னு சொல்லிப் பாத்தாரு. சிநேகிதனக் காப்பாத்த வந்துட்டியான்னு தொரத்திட்டாங்களாம்."

கட்டியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வயதில், அந்தக் கோபத்தில், கட்டியிருக்க மாட்டேன் என்றே படுகிறது. ஒரு துண்டு கொய்யா எடுத்துக்கொண்டேன்.

ஆகவே மூன்றாவது குறிப்பு தவறு. நீ கிழிக்கவில்லை. அதை அடித்துவிட்டேன். நாளை உங்கள் வீட்டுக்கு வந்து மாலையையும் நேராக்குவேன்.

இரண்டாவது குறிப்பில் கை வைக்க மாட்டேன். அந்தப் பக்கத்தைப் படிக்காமலே இத்தனை காலம் அந்தக் கதையோடு இருந்தேன். சிரிப்பைக் கிணற்றிலிருந்து எடுத்திருக்கிறேன், மணியின் நாக்கிலிருந்து எடுத்திருக்கிறேன், குயவனின் வாயிலிருந்தே எடுத்திருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே சத்திரத்துக் கூண்டில், ஒரு சொல்லும் பேசாமல் கிளி ஒன்று உட்கார்ந்திருந்ததை இப்போதுதான் நினைக்கிறேன். படியில் தொங்கிக்கொண்டு நீ கத்துவது காதில் விழுகிறது. செத்த பிறகும் முடிவைச் சொல்லிவிட்டாயே, பாவி.