கீறல் விழாத வண்டி

என்னங்க,

ஆஸ்பத்திரி வார்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல" என்று பெருமையடித்துவிட்டுப் போனீர்கள். எதிரே வந்த காரின் முன்பக்கம் காகிதமாய்க் கசங்கியது. அதிலிருந்தவர்கள்தான் இறங்கி நடந்து வந்து, நம் வண்டியை ஓட்டிப்போன மகளை வெளியே தூக்கினார்கள்.

"முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கணும்னுதான் செஞ்சிருக்காங்க. இரும்பு பம்பர் மாட்டினா அடி உள்ள வரும் சார்" என்று மெக்கானிக் அன்றே தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். கேட்டீர்களா? "தகர டப்பாவை ஓட்டச் சொல்றியா?" என்று வேறு பட்டறையில் அந்த பம்பரை வெல்டிங் வைத்து மாட்டினீர்கள். வண்டி வாங்காத அடியை அவள் விலா எலும்பு வாங்கியிருக்கிறது.

இப்போதுதான் கண் விழித்தாள். முதலில் கேட்டது இதைத்தான்: "அப்பாவோட வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேம்மா? திட்டுவாரா?"

நீங்களே வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா